மனம் மூன்று பக்கமும் இழுபடும் ஒரு கதாநாயகனை எழுதுவது எப்படி?

புதிதாகக் கதை எழுதுகிறவர்கள் மனம் உடைந்த ஒரு கதாநாயகன் கிடைத்தவுடன் கனவு, இரத்தம், அலறல் எல்லாவற்றையும் முதல் பத்தியிலேயே கொட்டிவிடுகிறார்கள். எது நடந்தது, எது அவன் நினைப்பு என்று பிடிபடாமல் வாசகர் இரண்டாம் பக்கத்தில் மூடிவைத்துவிடுவார். இன்று, அன்று, கற்பனை என்று மூன்று பக்கம் இழுபடுகிற மனத்தைத் தெளிவாக எழுத வேண்டும். சரி, ஒரு ஆளை வைத்தே செய்து பார்ப்போம். பெயர் ரகு, 1977இல் பிறந்தவன், வீடு கொழும்பில் வெள்ளவத்தை, அதே நகரின் புறக்கோட்டையில் ஒரு இரும்புக்கடையில் கணக்கு எழுதுகிறான்.

படி 1: இன்றைய நாளை எழுதுங்கள்

கனவு ஒன்றும் இப்போதைக்கு வேண்டாம். 2022 ஜூன், இலங்கையில் எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலம் என்று வையுங்கள். காலி வீதியில் (Galle Road) பெற்றோல் வரிசை நீண்டு கிடக்கிறது, ரகு மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நிற்கிறான், முன்னால் நிற்பவரோடு சிங்களத்திலும் பின்னால் நிற்பவரோடு தமிழிலும் விலைவாசியைத் திட்டுகிறான். ஒரு பக்கமாவது இப்படியே போகட்டும்.

படி 2: காயத்தை ஆறு வயதுக்காரனாக நின்று எழுதுங்கள்

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். 1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டது, மறுநாள் அவர்களின் அடக்கத்துக்காகக் கொழும்பு பொரளை கனத்தை மயானத்தில் கூட்டம் கூடியது, அங்கிருந்து தமிழருக்கு எதிரான வன்முறை பரவியது, வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தது எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ரகுவுக்கு அதில் ஒன்றுமே தெரியாது. பக்கத்து வீட்டுச் சிங்கள ஆச்சியின் அலுமாரி, உள்ளே பூச்சி உருண்டை மணம், வாயைப் பொத்திய அம்மாவின் கை, வெளியிலிருந்து வந்த பெற்றோல் மணம், அவ்வளவுதான் அவனிடம் இருக்கிறது. மீதியைக் கதைக்குள் கொண்டுவராதீர்கள். அதிர்ச்சி நினைவு பெரும்பாலும் ஒழுங்கான கதையாக வராது, துண்டு துண்டாகத்தான் வரும். அதிலும் மணத்துக்குத் தனிப் பலம், மூளையில் பயத்தோடு தொடர்புள்ள அமிக்டலாவுக்கு அதற்குக் குறுக்குவழி இருக்கிறது.

படி 3: கற்பனைக்கு ஒரு வேலை கொடுங்கள்

அலுமாரிக்குள் இருந்த பெடியன் சத்தம் போடாமல் இருக்க அவனுக்கு ஒரு துணை தேவைப்பட்டது. கரையோர ரயிலின் கார்ட் மாமாவை உண்டாக்கிக்கொண்டான். "நான் பச்சைக்கொடி காட்டுமட்டும் வாய் திறக்காதை தம்பி" என்பார் அவர். அன்றைக்கு அது உயிரைக் காப்பாற்றிய ஏற்பாடு, 45 வயதிலும் அதே கட்டளையோடு வருவதுதான் சிக்கல். அவருக்கு இரண்டு விதி வையுங்கள்: பெற்றோல் மணத்தால் மட்டும்தான் வருவார், ரகுவுக்குத் தெரியாத எதுவும் அவருக்கும் தெரியாது. இந்த இரண்டாவது விதியை மீறினால் நீங்கள் பேய்க்கதைக்குள் போய்விடுவீர்கள் (பேய்க்கதை எழுதுங்கள், நல்லது, ஆனால் அது வேறு பாடம்).

படி 4: மூன்றையும் தையுங்கள்

"திடீரென்று நினைவுக்கு வந்தது" வகை வாக்கியங்களை எல்லாம் எடுத்துவிடுங்கள். இப்படி:

முன்னால் நின்றவர் பெற்றோல் கானின் மூடியைத் திறந்தார். ரகு வாயைப் பொத்திக்கொண்டான். "இன்னும் கொடி காட்டவில்லை" என்றார் கார்ட் மாமா. "மாத்தயா, இஸ்ஸரஹட்ட யன்ன" (ஐயா, முன்னுக்குப் போங்கள்) என்றது பின்னாலிருந்து ஒரு சிங்களக் குரல். வரிசை நகர்ந்து கனநேரம்.

இன்னொரு தந்திரம், எனக்கு மிகவும் பிடித்தது. "அன்றைக்கு மரைன் டிரைவால் ஓடினோம்" என்று ரகு அடித்துச் சொல்லட்டும். 1983இல் வெள்ளவத்தையில் அந்த வீதியே இல்லை, கடலோரம் ரயில் பாதைதான். நினைவை ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் அது கொஞ்சம் மாறலாம், பிறகு பார்த்த இடங்களும் உள்ளே கலந்துவிடும். அவன் பொய் சொல்லவில்லை. கொழும்பு வாசகர் இதைத் தானாகவே பிடிப்பார், நீங்கள் விளக்கவே கூடாது.

படி 5: பக்கத்தில் ஒருவர்

மனைவி போதும். "என்னப்பா, ஆரோட கதைக்கிறியள்?" என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போகட்டும். அழவைக்காதீர்கள்.

படி 6: முடிவு

அவனை அங்கொடை மனநல வைத்தியசாலைக்கு அனுப்பிக் கதையை முடிக்கும் பழைய பழக்கம் வேண்டாம். வைத்தியரிடம் போகலாம், ஆனால் ஒரே சந்திப்பில் குணமாகிவிட்டான் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். அப்புறம், எழுதியதை அச்செடுத்து, இன்று, அன்று, கற்பனை மூன்றுக்கும் மூன்று நிறத்தில் கோடு போட்டுப் பாருங்கள். கற்பனை நிறம்தான் கூடுதல் என்றால் கார்ட் மாமா வரும் இடங்களில் பாதியை வெட்டுங்கள்.