எழுதும்போதே பழைய குறிப்புகள் கண்ணில் பட என்ன செய்யலாம்?

கமக்கார அமைப்பின் செயலாளர் ஒருவர் சிறுபோகக் கூட்டத்துக்கு அறிக்கை எழுத உட்காரும்போது, போன முறை எந்த வாய்க்காலுக்கு முதலில் தண்ணீர் விடுவதென்று முடிவானது என்பது நினைவில் இருக்காது. அப்படியொரு முடிவு எடுத்ததே மறந்துபோனால், தேடவும் தோன்றாது. தேடாமலே எடுத்துக் காட்டும் மென்பொருள் உதவுவது இவ்விடத்தில்தான். 1996இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த பிராட்லி ரோட்ஸும் தாட் ஸ்டார்னரும் விவரித்த ‘ரிமெம்பிரன்ஸ் ஏஜென்ட்’, எழுதிக்கொண்டிருக்கும் பொருளுக்கு நெருக்கமான பழைய கோப்புகளை ஈமாக்ஸ் என்னும் எழுதும் மென்பொருளின் திரையடியில் ஒற்றை வரிகளாகக் காட்டியது.

இன்று அதற்கு எளிய வழி அப்சிடியன் (Obsidian) என்னும் குறிப்பெழுதும் செயலி என்பேன். கோப்புகள் நம் கணினியிலேயே இருப்பதால், முத்தையன்கட்டுப் பக்கம் சிக்னல் போனாலும் வேலை நிற்காது. செயலியின் அமைப்புகளில் (Settings) ‘பேக்லிங்க்ஸ்’ (திறந்திருக்கும் குறிப்பைச் சுட்டும் மற்றக் குறிப்புகள்), ‘அவுட்கோயிங் லிங்க்ஸ்’ (அக்குறிப்பு சுட்டும் மற்றக் குறிப்புகள்) இரண்டையும் இயக்கி, வலப்பக்கத்தில் திறந்து வையுங்கள். பிறகு ஒவ்வொரு குளத்துக்கும் வாய்க்காலுக்கும் துருசுக்கும் தனிக் குறிப்பு தொடங்குங்கள். ‘அன்லிங்க்ட் மென்ஷன்ஸ்’ பகுதியை விரித்தால், நீங்கள் இணைக்க மறந்த இடங்களில் அப்பெயர் வந்திருப்பதும் தெரியும்.

தமிழில் எழுதுவோர் அதிகம் கவனிக்க வேண்டியது பெயர்களைத்தான். ‘இரணைமடுக்குளம்’ என்று தலைப்பிட்டுவிட்டு, கூட்டக் குறிப்பில் ‘இரணைமடுக்குளத்தின் வான் கதவு’ என்று எழுதினால், நமக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு வேறு எழுத்துத் தொடராகிவிடும். ஆகவே மாற்றுப் பெயர்களுக்கென உள்ள, குறிப்பின் ‘அலையஸ்’ பகுதியில் ‘இரணைமடு’, ‘இரணைமடு குளம்’, ‘இரணைமடுக்குளத்தின்’, ‘இரணைமடுக்குளத்துக்கு’, ‘இரணைமடுக்குளத்திலிருந்து’ என நீங்கள் உண்மையில் எழுதும் வடிவங்களை எல்லாம் சேர்த்துவிடுங்கள். ஒரு பெயருக்குப் பத்து நிமிடம் போகும்; அந்த நேரத்தைத் தயங்காமல் கொடுங்கள்.

பாமினி என்னும் பழைய எழுத்துருவில் தட்டச்சுச் செய்த பழைய கடிதங்கள் இன்னொரு தடை. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் அவை உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே கிடக்கின்றன. எங்கள் அமைப்பின் நீர்ப் பங்கீட்டுக் கடிதங்களை அப்படியே ஒட்டிவிட்டு, ஒரு போகம் முழுவதும் ஒன்றுமே வரவில்லையே என்று காத்திருந்தேன். யூனிகோடுக்கு மாற்றிய பின்புதான் அவை வரத் தொடங்கின. கையெழுத்துக் குறிப்பேடுகளைப் படம் பிடித்து வைத்தால், படத்தின் கீழே திகதி, குளம், முடிவு ஆகியவற்றையாவது இரண்டு வரியில் தட்டச்சுச் செய்யுங்கள்.

எல்லாம் முடிந்ததும் புதிய குறிப்பொன்றில் ஒரு குளத்தின் பெயரை எழுதி, வலப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே எதுவும் வராவிட்டால், முதலில் பெயரின் எழுத்துக்கூட்டலைச் சரிபாருங்கள்.