விண்வெளிக் கதிர்வீச்சை அளக்கச் சிறு செயற்கைக்கோள்: மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வானம் தெளிவாக இருந்தால், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் ராக்கெட்டை எண்ணூர், திருவொற்றியூர் மொட்டை மாடிகளிலிருந்தே பார்க்கலாம். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தாங்களே ஒரு செயற்கைக்கோள் செய்யும் ஆசை வருவது இயல்பு. அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் 2009-லும், சத்தியபாமா மாணவர்களின் ஒன்றரைக் கிலோ செயற்கைக்கோள் 2016-லும் விண்ணுக்குப் போயின. வழி இருக்கிறது. சறுக்கல் வேறிடத்தில்.

பத்து சென்டிமீட்டர் பெட்டி, பேட்டரி, ஆன்டெனா என்று எல்லாம் முடிந்தபின், மிஞ்சிய இடத்தில் அளக்கும் கருவியைச் செருகுகிறார்கள். இதுதான் பெரிய தவறு. எந்தத் துகளை, எந்த ஆற்றலில் அளக்கப் போகிறோம் என்பது முதலில் முடிவாக வேண்டும். பெட்டி அதற்குப் பிறகுதான்.

அடுத்தது, பூஜ்ஜியத்தை அப்படியே நம்புவது. 1958-ல் அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோளான எக்ஸ்ப்ளோரர் 1-ல் இருந்த, துகள்களை எண்ணும் கைகர் கருவி உயரமான இடங்களில் எதையுமே எண்ணவில்லை. அங்கே கதிர்வீச்சு இல்லாமல் இல்லை. துகள்கள் அளவுக்கு மீறி வந்ததால் கருவி திணறி நின்றுவிட்டது. அதே வகைக் கருவியை ஆய்வகத்தில் எக்ஸ்ரேக்கு முன் வைத்துச் சோதித்தபோது அது உறுதியானது. பூமியைச் சுற்றித் துகள்கள் சிக்கிக் கிடக்கும் வான் ஆலன் வளையங்கள் தெரியவந்தது இப்படித்தான். நொடிக்கு எத்தனை துகள்களுக்கு மேல் வந்தால் உங்கள் கருவி திணறும் என்பதைத் தரையிலேயே கண்டுபிடித்துவிடுங்கள்.

நேரமும் இடமும் பதியாத எண்ணிக்கையால் பயனில்லை. தென் அட்லாண்டிக் மேலே அந்த வளையம் பூமியை நெருங்கி இறங்குகிறது. அங்கே எண்ணிக்கை சட்டென்று எகிறும். இடம் தெரியாவிட்டால் அதைக் கருவிக் கோளாறு என்று ஒதுக்கிவிடுவீர்கள். வெப்பநிலையையும் கூடவே பதியுங்கள். சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வெயிலும் நிழலும் மாறும்போது சிலிக்கான் உணர்கருவியின் அளவீடும் மாறும்.

ஒரே துகள் பட்டுச் சிப்பில் மின்னோட்டம் தாறுமாறாக ஏறலாம். உடனே மின்சாரத்தை அறுத்து மறுபடி கொடுக்கும் சுற்று இல்லாவிட்டால் சிப் கருகிவிடும். வானொலி அலைவரிசை அனுமதிக்கு முதல் ஆண்டே விண்ணப்பியுங்கள்.

தரைச் சோதனைக்கு மொட்டை மாடி போதும். ஒரு கருவி மட்டும் வைத்தால் கட்டடத்தின் கதிர்வீச்சும் சேர்ந்து வரும். இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரண்டிலும் ஒரே நொடித்துளியில் பதிவதை மட்டும் எண்ணுங்கள். பெரும்பாலும் அவை, விண்வெளிக் கதிர்கள் காற்றில் மோதும்போது உருவாகும் மியூவான் என்னும் துகள்கள். கடல்மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்குச் சுமார் ஒன்று. வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாகிக் காற்றழுத்தம் இறங்கும் நாட்களில் எண்ணிக்கை லேசாக ஏறும். அந்த ஏற்றம் உங்கள் பதிவில் தெரிகிறதா என்று பாருங்கள்.