பிரிகாடெய்ரோ: பதம் மட்டும் பிடிபட்டா போதும்

பிரேசில்ல பர்த்டே பார்ட்டின்னா கேக் பக்கத்துல குட்டிக் குட்டி பேப்பர் கப்புல சாக்லேட் உருண்டை அடுக்கி வச்சிருப்பாங்க, பாட்டு பாடி முடிக்கிறதுக்குள்ள பொடிசுங்க ரெண்டு மூணை லவட்டிடும். அதான் பிரிகாடெய்ரோ. பேர் வந்த கதை செம. 1945 ஜனாதிபதி தேர்தல்ல விமானப்படை பிரிகேடியர் எடுவார்டோ கோமஸ் நின்னாரு, "ஆளும் அழகு, கல்யாணமும் ஆகல, ஓட்டை அவருக்கே போடுங்க"ன்னு கோஷம் வேற. அவரோட ஆதரவாளர் பெண்கள் பிரசார செலவுக்கு இதை செஞ்சு வித்தாங்கன்னு சொல்றாங்க. அவரு என்னவோ தோத்துட்டாரு, பேர் மட்டும் இந்த உருண்டையில ஒட்டிக்கிச்சு.

தேவையானது கொஞ்சம்தான். கண்டென்ஸ்டு மில்க் 1 டின் (அங்க 395 கிராம் வரும், கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா பரவால்ல), இனிப்பில்லாத கோகோ பவுடர் 3 டேபிள்ஸ்பூன், வெண்ணெய் 1 டேபிள்ஸ்பூன், மேல உருட்ட சாக்லேட் ஸ்ப்ரிங்கிள்ஸ். சர்க்கரை வேண்டவே வேண்டாம், ஏற்கனவே தித்திப்பு தூக்கலா இருக்கும். சக்கரை போட்ட டிரிங்கிங் சாக்லேட்லயும் செய்யலாம், எனக்கு அது திகட்டும்.

ஸ்டெப் 1: அடுப்பு பத்த வைக்கிறதுக்கு முன்னாடியே கோகோவை சலிச்சு கண்டென்ஸ்டு மில்க்ல போட்டு கட்டி இல்லாம கலக்கிடுங்க. சூடான பிறகு போட்டா கட்டி கட்டியா நிக்கும், எவ்ளோ கிளறினாலும் கரையாது.

ஸ்டெப் 2: அடிகனமான பாத்திரம், சிம்முக்கு கொஞ்சம் மேல தீ, வெண்ணெய் போட்டு கிளற ஆரம்பிங்க. கை எடுக்கக்கூடாது, போன் வந்தாலும் எடுக்காதீங்க, அடி பிடிச்சா கருகின வாசம் மொத்தத்துலயும் ஏறிடும்.

ஸ்டெப் 3, இதுதான் மேட்டரே. ஒரு 10 நிமிஷத்துல கெட்டியாகி மெதுவா பொத்து பொத்துன்னு கொதிக்கும். இப்ப கரண்டியால நடுவுல ஒரு கோடு இழுங்க, பாத்திரத்தோட அடி தெரியணும், உடனே மூடிக்கக்கூடாது. அப்புறம் பாத்திரத்தை சாய்ச்சா மொத்தமும் அல்வா மாதிரி ஒட்டாம ஒரே கட்டியா வழுக்கிட்டு வரணும். வந்துச்சா, உடனே ஆஃப். நான் முதல் தடவை "இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கட்டுமே"ன்னு விட்டேன், ஆறினதும் பல்லுல ஒட்டுற கமர்கட்டு ஆயிடுச்சு! அப்படி ஆனா ரெண்டு ஸ்பூன் பால் விட்டு சிம்ல திரும்ப கிளறுங்க, இளகிடும். பதத்துக்கு முன்னாடியே இறக்கிட்டா உருட்ட வராது, ஆனா வீணும் இல்ல, பிரேசில்காரங்க அதையே கப்புல போட்டு ஸ்பூனால சாப்பிடுவாங்க.

ஸ்டெப் 4: வெண்ணெய் தடவின தட்டுல கொட்டி, மேல ஆடை கட்டாம இருக்க கிளிங் ஃபிலிமை ஒட்டினாப்ல மூடி, 2, 3 மணி நேரம் விடுங்க. அவசரம்னா ஃப்ரிட்ஜ்.

ஸ்டெப் 5: கையில வெண்ணெய் தடவிக்கிட்டு நெல்லிக்காய் சைஸ்ல உருட்டி உடனுக்குடன் ஸ்ப்ரிங்கிள்ஸ்ல புரட்டுங்க. எல்லாத்தையும் உருட்டி வச்சுட்டு அப்புறம் புரட்டலாம்னு நினைச்சா மேல காஞ்சுடும், ஒட்டாது. 20, 25 உருண்டை வரும்.

கோகோவுக்கு பதிலா தேங்காய்த்துருவல் போட்டு இதே மாதிரி கிளறினா அது பெய்ஜின்யோ. அதுக்கு தேங்காய்ப்பூவுல புரட்டி, மேல ஒரு கிராம்பு குத்தி வைப்பாங்க, வாயில போடும்போது அதை எடுத்துடுங்க.