சபைக்கு வராமல் போனவரைப் பார்க்கப் போகும்போது

ஒருவர் தொடர்ந்து மூன்று ஞாயிறு ஆராதனைக்கு வரவில்லையா? அந்த வாரமே போன் செய்து கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். இரண்டு பேர் போதும். ஜெபக்குழுவே திரண்டு போனால் விசாரணை மாதிரி ஆகிவிடும். "ஏன் வரல?" என்று தொடங்க வேண்டாம். வேலை, உடம்பு, பிள்ளைகள் படிப்பு என்று கேளுங்கள், பிறகு பேசவிடுங்கள். எம்மாவு என்ற ஊருக்குப் போகும் வழியில் சோர்ந்து நடந்த சீடர் இருவரிடம் இயேசு முதலில் கேள்விதான் கேட்டார். அவர்கள் மனதிலிருந்ததைக் கொட்டிய பிறகே வேதத்தை விளக்கினார் (லூக்கா 24). வராமல் போனவர் மனதுக்குள்ளும் பல நேரம் இருப்பது சபையில் யாரோ சொன்ன ஒரு சொல்தான்.

கேட்டதை, மற்றவர்கள் ஜெபிப்பதற்கான ஜெபக்குறிப்பாகக்கூட வெளியே சொல்லாதீர்கள். அது அவர் காதுக்குப் போனால் அடுத்தமுறை கதவு திறக்காது. ஜெபிக்கலாமா என்று கேட்டு, சம்மதித்தால் சுருக்கமாக ஜெபியுங்கள். இரண்டு வாரம் கழித்து, சபைப் பேச்சை எடுக்காமல், சும்மா நலம் விசாரிக்க மறுபடி கூப்பிடுங்கள்.