பட்டாளத்துக்குப் போன அப்பப்பாவைத் தேடுவது எப்படி: மட்டக்களப்பு, அம்பாறை ஆட்களுக்கு

"அப்பப்பா வெள்ளைக்காரன்ட பட்டாளத்தில இருந்தவராம்." எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் இப்படி ஒரு வரிக் கதை இருக்கும், அதற்கு மேல் ஒன்றும் இருக்காது. எந்தப் படை, எந்த வருசம், எங்கே நின்றார் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். இந்த மாதிரித் தேடலைப் பற்றி வெளிநாட்டுக்காரர்கள் எழுதியதைப் படித்தால், வீட்டில் உள்ள பழைய பெட்டியைத் திறந்து கடிதங்களில் தொடங்கச் சொல்வார்கள். எங்களில் பல பேருக்கு அந்தப் பெட்டியே இல்லை. 1978 நவம்பர் சூறாவளியில் கூரையோடு போனது, 1990 இல் ஓடும்போது விட்டுவிட்டு வந்தது, மிஞ்சியதை 2004 இல் சுனாமி கொண்டுபோனது. சீருடையோடு எடுத்த படத்தை யுத்த காலத்தில் பயத்தில் தாங்களே எரித்த வீடுகளும் உண்டு. ஆகவே நாங்கள் வீட்டுக்கு வெளியே, மற்றவர்கள் கையில் இருக்கும் பதிவுகளில்தான் தேட வேண்டும். அது முடியும், ஆனால் வரிசை தவறினால் வருசக்கணக்கில் அலைய வேண்டிவரும்.

முதலில் படையைத் தேடாதீர்கள், ஆளைத் தேடுங்கள். அவருடைய முழுப்பெயர், தகப்பன் பெயர், பிறந்த திகதி, பிறந்த ஊர் என்ற நாலும் இல்லாமல் எந்த அலுவலகத்துக்கு எழுதினாலும் பயனில்லை. இதில் ஊர் விசயத்தில்தான் எங்கள் ஆட்கள் தடுமாறுவார்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்தவர் மனைவி வீட்டுக்குப் போய்விடுவார். நீங்கள் அப்பப்பாவின் ஊர் என்று நினைத்திருப்பது பெரும்பாலும் அப்பம்மாவின் ஊர். அவர் பட்டாளத்தில் சேர்ந்தது கலியாணத்துக்கு முந்தி என்றால், பதிவில் இருக்கும் விலாசம் அவருடைய தாயின் ஊராகத்தான் இருக்கும். களுவாஞ்சிக்குடி என்று தேடிக்கொண்டிருப்பீர்கள், அவர் திருக்கோவில் விலாசம் கொடுத்திருப்பார். இன்னொன்று, அம்பாறை மாவட்டம் 1961 இல்தான் பிரிந்தது. அதற்கு முந்திய ஆவணங்களில் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில் எல்லாமே மட்டக்களப்பு மாவட்டம் என்றுதான் இருக்கும்.

பிறந்த திகதி தெரியாவிட்டால் பழைய அடையாள அட்டை இலக்கத்தைப் பிடியுங்கள். அட்டை இல்லாவிட்டாலும் பென்சன் புத்தகத்திலோ வங்கிப் புத்தகத்திலோ அந்த இலக்கம் இருக்கலாம். ஒன்பது இலக்கத்தில் முதல் இரண்டும் பிறந்த வருசம், அடுத்த மூன்றும் அந்த வருசத்தின் எத்தனையாவது நாள் என்பது. 22 என்று தொடங்கி அடுத்து 095 வந்தால் 1922 ஏப்ரல் 4. பெப்ரவரியை எப்போதும் 29 நாளாக வைத்தே கணக்கிடுவார்கள், எண்ணும்போது அதைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் பிறப்பைப் பதியாதவர்கள் நிறைய, அவர்களுக்கு அனுமானத்தில் வயது போட்டிருப்பார்கள். அதனால் இந்தத் திகதியை ஒரு துப்பாக மட்டும் எடுங்கள்.

விவாகப் பதிவை எடுக்க மறக்காதீர்கள். அதில் தொழில் என்று ஒரு இடம் இருக்கிறது. கலியாணத்தின்போது படையில் இருந்தவர் என்றால் அதைச் சொல்லியிருக்க இடமுண்டு, தகப்பன் பெயரும் அங்கேயே கிடைக்கும். பிரதேச செயலகத்தில் உள்ள பதிவாளர் பிரிவில் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். முஸ்லிம் விவாகங்களுக்குத் தனிப் பதிவு, அதையும் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் பேச்சு. உயிரோடு இருக்கும் மூத்தவர்களிடம் இந்த மாதமே போங்கள், இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அவருடைய மகன்மாரிடம் மட்டும் கேட்டு நிறுத்தாமல் சகோதரியின் பிள்ளைகள், மச்சான் முறை ஆட்கள் என்று தாய்வழிக் குடும்பத்திலும் கேளுங்கள். "மாமி, அவர் எந்த வருசம் போனவர்?" என்று கேட்டால் தெரியாது என்பார்கள். "ஜப்பான்காரன் குண்டு போட்ட நேரம் அவர் ஊரில நின்றவரா?" என்று கேளுங்கள், பதில் வரும். அந்தக் குண்டு 1942 ஏப்ரல் 5 இல் கொழும்பிலும் 9 இல் திருகோணமலையிலும் விழுந்தது. அதே 9 ஆம் திகதிதான் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் எங்கள் மட்டக்களப்புக் கடலில் தாண்டது. அடுத்து 1957 பெருவெள்ளம், கல்லோயாத் திட்டம் தொடங்கிய காலம், 78 சூறாவளி. இவற்றுக்கு முந்தியா பிந்தியா, அப்போது மூத்த பிள்ளை பிறந்திருந்ததா என்று கேட்டுக்கொண்டே போனால் இரண்டு மூன்று வருச இடைவெளிக்குள் கதையைச் சுருக்கிவிடலாம். சொல்பவர் அனுமதித்தால் போனில் குரலைப் பதிந்துகொள்ளுங்கள். திருத்தாமல், இடையில் வெட்டாமல், அவர் சொல்வதை அப்படியே எடுங்கள்.

வருசம் கிடைத்தால் படையை ஊகிக்கலாம். 1949 க்கு முன் இருந்தது இலங்கைப் பாதுகாப்புப் படை. 1910 இல் அந்தப் பெயரில் வந்தது, அதற்குள் சிலோன் லைட் இன்பன்ட்ரி, பீரங்கிப் படையான சிலோன் கரிசன் ஆர்ட்டிலரி, என்ஜினியர்ஸ், மெடிக்கல் கோர் எல்லாம் இருந்தன. கரிசன் ஆர்ட்டிலரியில் இருந்து இந்து சமுத்திரத்தில் உள்ள கொக்கோஸ் தீவுகளுக்கு ஆட்களை அனுப்பியிருந்தார்கள், 1942 மே மாதம் அங்கே ஒரு கலகம் நடந்து மூன்று இலங்கைப் படையாட்களைத் தூக்கிலும் போட்டார்கள். ஆகவே "எங்கேயோ ஒரு தீவில நின்றவராம்" என்று கிழவி ஒருவர் சொன்னால் கட்டுக்கதை என்று தள்ளிவிடாதீர்கள். கடற்படைப் பக்கத்தில் தொண்டர் படை ஒன்று இருந்து, யுத்தத்துக்குள் பிரித்தானியக் கடற்படையின் கீழ்ப் போனது. இவை தவிர பிரித்தானியாவின் சொந்தப் பிரிவுகளில், முக்கியமாகக் கட்டுமான, உடலுழைப்பு வேலைகளுக்கான பயனியர் கோர், பொருள் வழங்கலுக்கான சர்வீஸ் கோர் போன்றவற்றில் சேர்ந்து வெளிநாடு போன இலங்கையரும் உண்டு. 1949 ஒக்டோபர் 10 க்குப் பிறகு என்றால் அது இலங்கை இராணுவம். கடற்படை 1950 டிசம்பரில், விமானப்படை 1951 மார்ச்சில் வந்தவை.

எங்கள் பக்கத்துக்கு முக்கியமான ஒரு எச்சரிக்கை. "திருகோணமலையில நேவியில வேலை" என்றால் அவர் படையாள் என்று முடிவெடுக்க வேண்டாம். வெள்ளைக்காரரின் கடற்படைத் தளம் 1957 இல் கையளிக்கப்படும் வரை இயங்கியது, அதன் டொக்யார்ட்டில், அதாவது கப்பல் திருத்தும் பட்டறையில், நூற்றுக்கணக்கான உள்ளூர் ஆட்கள் சிவிலியன்களாக வேலை செய்தார்கள். அவர்களுக்குப் படை இலக்கம் கிடையாது. அதுவும் பெருமையான உழைப்புத்தான், ஆனால் தேட வேண்டிய இடம் வேறு.

படமோ பதக்கமோ தப்பியிருந்தால் பெரிய அதிர்ஷ்டம். படத்தை நல்ல வெளிச்சத்தில், பிரேமைக் கழற்றி, முன்னும் பின்னும் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். தோளில் பித்தளை எழுத்து, தொப்பிச் சின்னம், கையில் எத்தனை கோடு, பின்னால் ஸ்டூடியோ முத்திரை. பதக்கம் என்றால் விளிம்பைத் தடவிப் பாருங்கள். முதலாம் உலக யுத்தப் பதக்கங்களின் விளிம்பில் பெயரும் இலக்கமும் வெட்டியிருப்பார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் பிரித்தானியா கொடுத்தவற்றில் பொதுவாகப் பெயர் இருக்காது, ஆகவே வெறுமையாக இருந்தால் போலி என்று நினைத்து எறிந்துவிடாதீர்கள். ஆறு முனை உள்ள வெண்கல நட்சத்திரம் என்றால் நடுவில் உள்ள எழுத்தைப் படியுங்கள், பர்மா, ஆபிரிக்கா, இத்தாலி என்று போர்க்களத்தையே அது சொல்லிவிடும். தயவுசெய்து பிரசோ போட்டுத் தேய்க்க வேண்டாம்.

சரி, இனி எழுத வேண்டிய இடங்கள்.

1949 க்குப் பிந்திய சேவை என்றால் இலங்கை இராணுவத் தலைமையகம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்த் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம், 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும், மறுத்தால் மேன்முறையீடு உண்டு. விண்ணப்பிப்பவர் இலங்கைப் பிரஜையாக இருக்க வேண்டும், அதனால் வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்து இலங்கைப் பிரஜாவுரிமையை விட்டவர்கள் ஊரில் உள்ள மச்சான், மருமகன் யாரையாவது கொண்டு போடுவிக்கலாம். அவருடைய இறப்புச் சான்றிதழ், உங்கள் அப்பாவின் பிறப்புச் சான்றிதழ், உங்களுடையது என்று உறவைக் காட்டும் பிரதிகளைச் சேர்த்து அனுப்புங்கள். தனிப்பட்ட தகவல் என்று மறுப்பதற்கு அது இடம் குறைக்கும். பெயரை ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் எழுதி இணைத்தால் கோப்பைத் தேடுபவருக்கு வேலை சுலபம். "எல்லா விபரமும் தருக" என்று எழுதாமல், சேர்ந்த திகதி, படைப்பிரிவு, படை இலக்கம், விலகிய திகதி என்று குறிப்பாகக் கேளுங்கள்.

அப்பம்மாவுக்கு விதவைப் பென்சன் வந்திருந்தால் அதை முதலில் பிடியுங்கள். பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவில் அந்த இலக்கத்தைக் கொடுத்துக் கேட்டால், எந்தச் சேவைக்காகக் கொடுத்த பென்சன் என்று தெரியவரலாம்.

1949 க்கு முந்தியது கடினம், அதை ஒளிக்காமல் சொல்கிறேன். பிரித்தானிய அரசில் இந்தியாவைப் பார்த்த இந்திய அலுவலகத்தின் கீழ் இலங்கை இருக்கவில்லை, காலனித்துவ அலுவலகத்தின் கீழ் இருந்தது. அதனால் பிரிட்டிஷ் லைப்ரரியில் உள்ள இந்தியப் படைப் பதிவுகளில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் சி.ஓ. 54 தொடரில் இலங்கைக் கடிதங்களும், டபிள்யூ.ஓ. 172 தொடரில் தென்கிழக்காசியப் படைப்பிரிவுகளின் யுத்த நாட்குறிப்புகளும் இருக்கின்றன. நாட்குறிப்பில் சிப்பாயின் பெயர் வருவது அபூர்வம், ஆனால் அவருடைய பிரிவு எந்த மாதம் எங்கே நின்றது என்று தெரியும். பிரித்தானியப் பிரிவிலேயே சேர்ந்திருந்தால் தனிக் கோப்பு இருக்க வாய்ப்புண்டு. அந்தக் கோப்புகள் 2022 இலிருந்து பாதுகாப்பு அமைச்சிடமிருந்து கியூவுக்கு மாறி வருகின்றன. அதற்கு இறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

யுத்தத்திலேயே இறந்தவர் என்றால் கொமன்வெல்த் யுத்தக் கல்லறை ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் இலவசமாகத் தேடலாம். 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்த படையாட்கள் அதில் அடக்கம். உயிரோடு திரும்பியவர்கள் அதில் இருக்கமாட்டார்கள்.

அதிகாரியாக இருந்தவர் என்றால் நியமனம் வர்த்தமானியில் வந்திருக்கும். கொழும்பு 7 இல் உள்ள தேசிய சுவடிகள் காப்பகத்தில் பழைய வர்த்தமானிகளையும் பத்திரிகைகளையும் பார்க்கலாம். பள்ளிக்கூடத்தையும் விடாதீர்கள். மெதடிஸ்த மத்திய கல்லூரி, புனித மிக்கேல் கல்லூரி போன்ற பழைய பள்ளிகளில் படித்தவர் என்றால் பழைய மாணவர் சங்கத்தில் பழைய சஞ்சிகைகளைக் கேளுங்கள். கடேற் குழுப் படங்களிலும் யுத்தத்துக்குப் போன மாணவர் பற்றிய குறிப்புகளிலும் பெயர் அகப்படலாம்.

எங்கே தேடினாலும் பெயரை ஒரே எழுத்தில் தேடி நிறுத்தாதீர்கள். ஆங்கிலத்தில் கந்தையாவைக் கே (K) எழுத்திலும் சி (C) எழுத்திலும் தேடுங்கள், சின்னத்தம்பியை எஸ் எழுத்திலும் சி.எச். எழுத்துகளிலும் தேடுங்கள். தகப்பன் பெயர் முழுதாக முன்னுக்கு வந்து அவர் பெயர் பின்னுக்கு இருக்கும், அல்லது தகப்பன் பெயரே குடும்பப் பெயராகப் பதிந்திருக்கும். தேடிய ஒவ்வொரு எழுத்தையும், எங்கே எப்போது தேடியது என்பதையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். "பதிவு இல்லை" என்று கடிதம் வந்தால் அந்தக் கொப்பியைப் பார்த்து, அவர்கள் எந்த எழுத்தில் தேடினார்கள் என்று திருப்பிக் கேட்டு, மிச்ச எழுத்துகளையும் தாயின் ஊர் விலாசத்தையும் கொடுத்து மறுபடி எழுதுங்கள்.