பிள்ளைக்குத் துவக்குப் பழக்கப் போகிறீர்களா? ஒன்ராறியோவில் முதலில் ரவைக்கூட்டைக் கவனியுங்கள்

வன்னியில் வளர்ந்த பலருக்குத் துவக்கு புதிய சாமான் இல்லை. இடியன் துவக்கோடு வயல் காவலுக்குப் போன அப்பாமாரையும் பார்த்தோம், பன்றிக்குக் கட்டிய கட்டுத்துவக்கில் கால் போனவர்களையும் பார்த்தோம். இங்கே வந்து கொஞ்சம் காலூன்றியதும் பிள்ளைக்கும் காட்டைக் காட்ட வேண்டும் என்ற ஆசை வருகிறது. நல்ல ஆசைதான். எந்நேரமும் ஃபோனும் கையுமாக இருக்கும் பிள்ளை, விடியற்காலைக் குளிரில் சத்தம் போடாமல் நடக்கப் பழகுவது சின்ன விஷயமில்லை. ஆனால் ஊர்ப் பழக்கத்தோடு இங்கே காட்டுக்குள் இறங்காதீர்கள்.

கடதாசி அலுவல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனடிய துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சியை எடுத்து, எழுத்திலும் செய்முறையிலும் தலா 80 வீதம் பெற்று, கனடாவின் மத்திய பொலிஸான ஆர்.சி.எம்.பி.யிடம் துவக்கு லைசன்சுக்கு விண்ணப்பிக்க வேண்டும். 12 முதல் 17 வயது வரை மைனர் லைசன்ஸ் உண்டு. அதை வைத்துச் சாதாரண வேட்டைத் துவக்கை இரவல் வாங்கலாம், சொந்தமாக வாங்க முடியாது. லைசன்ஸ் இல்லாத பிள்ளை சுடுவதென்றால் லைசன்ஸ் உள்ள பெரியவர் பக்கத்திலேயே நின்று கவனிக்க வேண்டும். வேட்டைக்கு மாகாணத்தின் அவுட்டோர்ஸ் கார்ட், வேட்டை அனுமதி எல்லாம் தனி. 12 வயதிலிருந்து ஒரு பெரியவரோடு பழகுநராகப் போகலாம். பெரியவருக்கும் பிள்ளைக்கும் சேர்த்து ஒரே துவக்குத்தான்.

இனி என் நண்பரின் கதை. எல்லா அனுமதியும் கையில் வைத்துக்கொண்டு, 13 வயது மகனோடு காட்டுக்கோழி வேட்டைக்குப் போனார். கூடப் போனவர் இங்கே பல வருடம் வேட்டையாடியவர். ஒரு இடத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை, அடுத்த இடத்துக்கு வாகனத்தில் போவோம் என்றார். மகன் தானாகவே துவக்கின் அறையை, அதாவது சுடப்போகும் ரவை இருக்கும் இடத்தைத் திறந்து, ரவை இல்லை என்று காட்டினான். "அறை வெறுமையாக இருந்தால் போதும், ஏறு தம்பி" என்றார் அந்தப் பெரியவர். ஆனால் ரவைகளை அடுக்கி வைக்கும் ரவைக்கூடு (மகசின்) துவக்கிலேயே இருந்தது, அதற்குள் ரவைகளும் இருந்தன. பாதி வழியில் வனவிலங்கு அதிகாரி மறித்தார்.

ஒன்ராறியோச் சட்டப்படி, துவக்கோடு பொருத்திய ரவைக்கூட்டில் ஒரு ரவை இருந்தாலே அது நிரப்பிய துவக்கு. நிரப்பிய துவக்கு வாகனத்துக்குள்ளும் இருக்கக் கூடாது, வாகனத்தின் மேலும் இருக்கக் கூடாது. அதிகாரி தன் கடமையைச் செய்தார். துவக்கு போனது, வழக்கு வந்தது, தண்டமும் வக்கீல் காசும் சேர்ந்து நண்பரின் சேமிப்பைத் தின்றுவிட்டன. எனக்குக் கோபம் அந்த அனுபவசாலி மேல்தான். ஒவ்வொரு வருடமும் மாகாணம் இலவசமாக வெளியிடும் வேட்டை விதிச் சுருக்கத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. அதைப் படிக்காமல் இன்னொருவர் பிள்ளைக்கு வாத்தியார் ஆகலாமா? சரியாகச் செய்த பெடியன், அப்பா தலைகுனிந்து நின்றதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆகவே வாகனக் கதவைத் தொட முன் ரவைக்கூட்டைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போடுங்கள். பழைய .22 துவக்குகள் சிலவற்றில் குழலுக்குக் கீழே குழாய் மாதிரி ரவைக்கூடு இருக்கும், கழற்ற முடியாது. அதை முழுக்க வெறுமையாக்க வேண்டும். பொழுது பட்டு அரை மணித்தியாலத்திலிருந்து விடிய அரை மணித்தியாலம் முன்வரை, வேட்டைப் பகுதிகளில் துவக்கு வெறுமையாகவும் உறைக்குள்ளும் இருக்க வேண்டும். காட்டில் நேரம் போவது தெரியாது, கடிகாரத்தைப் பாருங்கள்.

பிள்ளையை நேரே காட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள். முதலில் சுடுதிடலில் .22 போதும். அதிர்வும் குறைவு, சத்தமும் குறைவு, பிள்ளை பயந்து கண்ணை மூடாது. மணல் மூட்டையில் தாங்கிச் சுடட்டும். தோளுக்குப் பெரிய துவக்கைக் கொடுத்தால் பிழையான பிடி பழகிவிடும். காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு கட்டாயம். துவக்கு எப்போதும் நிரப்பியிருப்பதாகவே நினைக்க வேண்டும். குழல் வாய் ஆபத்தில்லாத பக்கம் பார்க்க வேண்டும். சுடும் கணம்வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். வாயால் சொல்ல வைப்பதோடு விடாமல், கை தானாகச் செய்யும்வரை விடாதீர்கள். சின்ன .22 ரவைகூட ஒரு மைலுக்கு மேல் போகும். மரத்தில், வானம் பின்னணியில் இருக்கும் பறவையைச் சுடக் கூடாது என்பதை அப்போது சொல்லிக் கொடுங்கள். சுட்டு முடிந்ததும் கை கழுவாமல் சாப்பிட விடாதீர்கள், ஈயம் இருக்கும்.

ஊரில் துவக்கு மூலையில் சாத்தி இருக்கும். இங்கே வெறுமையாக்கி, விசைப்பூட்டுப் போட்டு அல்லது பூட்டிய அலுமாரியில் வைக்க வேண்டும். ரவைகளைத் தனியாகப் பூட்டுங்கள். திறப்பு பிள்ளைக்கு எட்டக் கூடாது, அவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும்.

மான் காலத்தில் செம்மஞ்சள் மேலங்கியும் தொப்பியும் இருவருக்கும் வேண்டும். அப்புறம், வேட்டைக்கென்று தனி ஜாக்கெட் வாங்கிக் கொடுங்கள். பள்ளிக்கூடம் போகும் ஜாக்கெட்டின் பையில் வெற்று ரவைக் கோது ஒன்று கிடந்தால், திங்கட்கிழமை காலையே உங்களை அதிபர் கூப்பிடுவார்.