மும்பைக்கு முதல் பயணம்: லோக்கல் ரயிலிலிருந்து திட்டமிடத் தொடங்குங்கள்

மும்பைக்கு முதன்முறை சென்றபோது, பார்க்க வேண்டிய இடங்களை ஒரு தாளில் எழுதி, ஒன்றுக்கொன்று எத்தனை கிலோமீட்டர் என்று கணக்கிட்டு நாட்களைப் பிரித்து வைத்திருந்தேன். அந்தத் திட்டம் முதல் நாள் மாலையே குலைந்துபோயிற்று. வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் அந்த ஊரில், எந்த ரயில் பாதையில் இருக்கிறோம், அந்த நேரத்தில் கூட்டம் எந்தத் திசையில் போகிறது என்ற இரண்டும் தெரியாவிட்டால் கிலோமீட்டர் கணக்கால் பயனில்லை. அடுத்த முறை இந்த இரண்டையும் முன்வைத்துத் திட்டமிட்டேன். நான்கு நாட்களும் சிரமமின்றிக் கழிந்தன. அந்த முறையையே கீழே எழுதுகிறேன். வெளியூர் ரயில், விமானம், அறை ஆகியவற்றைப் பதிவு செய்யும் விதம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் விட்டுவிட்டேன்.

படி 1: மாதத்தை முடிவு செய்தல்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை செல்லுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழை அழகானதுதான் என்றாலும் முதல் பயணத்திற்கு ஏற்றதன்று. கனமழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் வடிகால் நீர் கடலுக்குள் இறங்காது. தாழ்வான பகுதிகளில் தண்டவாளம் மூழ்கி ரயில்கள் நின்றுவிடும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை பெய்தபோது ஊர் முழுவதும் அப்படித்தான் நின்றுபோயிற்று.

படி 2: எங்கே இறங்குகிறோம் என்று பார்த்தல்

டிக்கெட்டில் மும்பை என்று இருந்தாலும், சேருமிடம் லோகமான்ய திலக் டெர்மினஸ் என்றால் நீங்கள் இறங்கப்போவது குர்லாவுக்கு அருகில். தென்கோடியில் இருக்கும் சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் (சி.எஸ்.எம்.டி.) என்ற நிலையம் அங்கிருந்து வெகுதூரம். விமானத்தில் வருவோர் டெர்மினல் 1, டெர்மினல் 2 என்பதோடு, 2025-இல் திறக்கப்பட்ட நவி மும்பை விமான நிலையமா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படி 3: தங்குமிடம்

தெற்கே உள்ள கொலாபா, ஃபோர்ட் பகுதிகளில் தங்கினால் நடந்தே பாதி ஊரைப் பார்த்துவிடலாம். ஆனால் வாடகை அதிகம். என் தேர்வு தாதர் அல்லது மாட்டுங்கா. மேற்கு ரயில் பாதையும் மத்திய ரயில் பாதையும் தாதரில் சந்திப்பதால், எங்கே போவதானாலும் அங்கிருந்து வழி உண்டு. மாட்டுங்காவைச் சொல்வதில் என் சொந்த ஆசையும் கலந்திருக்கிறது. தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதி அது. காலையில் பூக்கடையில் தமிழிலேயே விலை கேட்கலாம், ஃபில்டர் காபிக்கும் குறைவில்லை.

அறையைப் பதிவு செய்யுமுன் முகவரியில் ஈஸ்ட் என்றிருக்கிறதா, வெஸ்ட் என்றிருக்கிறதா என்று பாருங்கள். ரயில் பாதைக்கு எந்தப் பக்கம் என்பதை அது குறிக்கிறது. பக்கம் மாறி இறங்கினால் பெட்டியோடு நடைமேம்பாலம் ஏற வேண்டும். மேலும், பாந்த்ராவுக்கும் சயனுக்கும் தெற்கே ஆட்டோ ஓடாது. கறுப்பு மஞ்சள் டாக்சியைத்தான் பிடிக்க வேண்டும்.

படி 4: லோக்கல் ரயில்

நான் தடுக்கி விழுந்த இடம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மாலை ஆறரை மணிக்கு, மேற்குப் பாதையின் தென்கோடி நிலையமான சர்ச்கேட்டில், தாதருக்கு அடுத்த நிலையமான மாட்டுங்கா ரோடு போக வேண்டிய நான், பலகையில் எழுதியிருந்ததைச் சரியாகப் பார்க்காமல், எதிரே நின்ற, வடக்கே வெகுதூரத்திலுள்ள விராருக்குப் போகும் விரார் ஃபாஸ்ட் வண்டியில் ஏறி அமர்ந்தேன். மூன்று பேர் இருக்கையில் நான்காவது ஆளாக ஒருவர் வந்து பாதி உடம்பை மட்டும் வைத்து உட்கார்ந்தார்; அதற்குள் நடைபாதையில் கால் வைக்கவும் இடமில்லாமல் போயிற்று. தாதர் தாண்டியதும் மாட்டுங்கா ரோடு பலகை சன்னல் வழியே ஓடி மறைந்தது. பாந்த்ராவில் எழுந்தேன், ஆனால் கதவை எட்ட முடியவில்லை. அந்தேரியில் பிதுங்கி வெளியே வந்து, எதிர்த்திசை ஸ்லோ வண்டியில் திரும்பினேன்.

பலகையில் சேருமிடத்தின் சுருக்கக் குறியோடு எஃப் அல்லது எஸ் என்ற எழுத்து இருக்கும். எஃப் என்றால் ஃபாஸ்ட், எஸ் என்றால் ஸ்லோ. மேற்குப் பாதையில் ஃபாஸ்ட் வண்டிக்குத் தாதர், பாந்த்ரா, அந்தேரி, போரிவலி போன்ற பெரிய நிலையங்கள்தான் நிறுத்தங்கள். மாட்டுங்கா ரோடு, மாஹிம் ஆகியவற்றில் நிற்காது. பழகும் வரை ஸ்லோ வண்டியிலேயே செல்லுங்கள். பக்கத்து ஊருக்குப் போகும்போது விரார் ஃபாஸ்டில் ஏறுவதை, தினமும் அதில் போகிறவர்கள் முகம் சுளித்தே பார்ப்பார்கள்; அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

இறங்க வேண்டிய நிலையத்துக்கு ஒரு நிலையம் முன்பே எழுந்து கதவை நோக்கி நகர வேண்டும். முன்னால் நிற்பவரிடம் "தாதர் உதர்னா ஹை க்யா?" என்று கேளுங்கள். அவரும் இறங்குபவர் என்றால் அவர் பின்னாலேயே நில்லுங்கள். இல்லையென்றால் அவரே ஒதுங்கி வழி விடுவார். பிளாட்ஃபாரம் எந்தப் பக்கம் வரும் என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

காலை எட்டு முதல் பதினொன்று வரை கூட்டம் தெற்கே போகும். மாலை ஐந்தரைக்குமேல் வடக்கே திரும்பும். தாதரில் தங்கியிருந்தால் ஏழரைக்குள் கிளம்புங்கள், இல்லையேல் பதினொன்று தாண்டட்டும். மாலையில் மரீன் டிரைவ் சுவரில் உட்கார்ந்து எட்டரை மணி வரை கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புவதே புத்திசாலித்தனம்.

செயலிகளில் எம்-இண்டிகேட்டரையே பரிந்துரைப்பேன். கூகுள் மேப்ஸ் சாலைக்கு நல்லது. லோக்கல் நேரத்துக்கும் ஃபாஸ்ட், ஸ்லோ விவரத்துக்கும் எம்-இண்டிகேட்டர்தான் கைகொடுக்கிறது, அதுவும் இணையம் இல்லாமலே.

படி 5: நாட்களைப் பிரித்தல்

ஒரு நாளுக்கு ஒரு பகுதி போதும். முதல் நாள் தெற்கு: 1888-இல் கட்டி முடிக்கப்பட்ட சி.எஸ்.எம்.டி. கட்டடத்தில் தொடங்கி, ஓவல் மைதானம் வரை நடந்து செல்லுங்கள். மைதானத்தின் ஒரு பக்கம் உயர்நீதிமன்றமும் ராஜாபாய் கோபுரமுமாகக் கோதிக் பாணிக் கட்டடங்கள், எதிர்ப்பக்கம் வளைந்த பால்கனிகளோடு ஆர்ட் டெக்கோ பாணி வீடுகள்; இரண்டையும் சேர்த்தே 2018-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நடு மைதானத்தில் நின்று இரு பக்கமும் மாறி மாறிப் பார்ப்பதற்கு டிக்கெட் கிடையாது.

எலிஃபண்டா குகைகளுக்கு அரை நாளுக்கு மேல் ஒதுக்குங்கள். கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம், பிறகு படிக்கட்டு. திங்கட்கிழமை குகைகள் மூடியிருக்கும். காலையின் முதல் படகுகளில் ஒன்றைப் பிடித்தால், ஆறு மீட்டர் உயர மும்முகச் சிவனின் முன்னே கூட்டமின்றி நிற்கலாம்.

ஹாஜி அலி தர்காவுக்குப் போகும் நடைபாதை கடல் ஏற்றத்தின்போது நீரில் மூழ்கிவிடும். அன்றைய ஏற்ற நேரத்தைக் காலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை

இந்தக் குறிப்பைப் பின்பற்றிச் சென்று வந்தவர்கள் சொன்ன மூன்று சிக்கல்களையும் சேர்க்கிறேன். முதல் வகுப்புப் பெட்டி சாதாரணப் பெட்டியைப் போலவே தோற்றமளிக்கும். அபராதம் கட்டிய பிறகே ஒருவருக்கு அது தெரிந்தது. ஏறுமுன் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பராமரிப்புக்காக மெகா பிளாக் என்று சில மணி நேரம் சில பாதைகளில் ரயிலை நிறுத்தியோ திருப்பியோ விடுவார்கள். விமானத்தைப் பிடிக்க வேண்டிய நாள் ஞாயிறு என்றால் முன்தினமே விசாரியுங்கள். தாதரில் மத்திய ரயில்வே பிளாட்ஃபாரங்களின் எண்கள் 2023 டிசம்பரில் மாறிவிட்டன: மேற்குப் பக்கம் 1 முதல் 7 வரை, மத்தியப் பக்கம் 8 முதல் 14 வரை. பழைய குறிப்புகளில் மத்தியப் பக்கத்துக்கு ஒன்றாம் எண் என்றிருந்தால், நீங்கள் தேட வேண்டியது எட்டு.